மைனஸ் 25216

அன்புள்ள ஐயா,

சிறிய ஊர் ஒன்றின் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆய்வகத்தில் பாதிக் கணிப்பொறிகள் ஓடுவதில்லை. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் எல்லோரும் கையெழுத்து வாங்குகிறோம். வேலைக்கு ஆள் எடுக்க எந்த நிறுவனமும் வருவதில்லை. ஆங்கிலமும் வரவில்லை. இதை விட்டுவிட்டு நகரத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிடலாமா? பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா?

எம்.

அன்புள்ள எம்.,

மற்ற குறைகளையெல்லாம் வருத்தத்தோடு எழுதிய நீங்கள், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதை மட்டும் வருத்தமே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என்னுடைய ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. நானும் அப்படியொரு கல்லூரியில் படித்தவன்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைய வேண்டிய ஆய்வகம், ஒரு கணிப்பொறிக்கு இருவர், சி மொழியில் நிரல் எழுதி இயக்கும் டர்போ சியின் நீலத் திரை. 1994ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு பக்கத்தில் ஃபேக்டோரியல் நிரல், அதாவது ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் நிரல், இருக்கிறது. உள்ளீடு 5, விளைவு 120. அடியில், ‘நிரல் இயக்கப்பட்டு விளைவு சரிபார்க்கப்பட்டது’ என்று பொருள்படும் அந்த ஆங்கில வாக்கியம். அதற்கும் கீழே சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்து.

அன்று நடந்தது அந்தப் பக்கத்தில் இல்லை. 5 கொடுத்தோம், 120 வந்தது. 7 கொடுத்தோம், 5040 வந்தது. 8 கொடுத்தபோது திரையில் மைனஸ் 25216 என்று வந்து நின்றது. ஒன்றிலிருந்து எட்டு வரை பெருக்கினால் மைனஸ் எங்கிருந்து வரும்? ஆசிரியரைக் கூப்பிட்டோம். எட்டிப் பார்த்தார். “5 போட்டதை எழுதுங்கள், தேர்வில் அதுதான் வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் எழுதிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த நண்பன் எழுதவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டபடியே வந்தான். 5040ஐ எட்டால் பெருக்கினால் 40320. மைனஸை விட்டுவிட்டு 25216ஐ அதோடு கூட்டினான். 65536. அந்த எண்ணைக் கண்டதும் என் தோளைப் பிடித்து உலுக்கினான். பதினாறு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் அது. டர்போ சி ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கக்கூடிய பதினாறு கட்டங்கள்தான் ஒதுக்கும். அதில் பாதி மைனஸ் எண்களுக்குப் போய்விடுவதால், 32767க்கு மேல் அதில் கொள்ளாது. வண்டியின் கிலோமீட்டர் காட்டி கடைசி எண்ணைத் தாண்டிச் சுற்றி வருவதுபோல, எண் சுற்றிப்போய் மைனஸில் விழுந்திருக்கிறது. இந்த 32767ஐ நான் அட்டவணையாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அவன் என்னைவிடக் குறைவாக வாங்கியவன்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிய ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறிப்போனது. 16 பிட்டில் அடங்காத ஓர் எண்ணை அதற்குள் திணிக்கப் பார்த்தது ஒரு நிரல். ஏரியான் 4இல் சிக்கலில்லாமல் ஓடிய நிரல்தான். அங்கே எண் அவ்வளவு பெரிதாகவில்லை. பின்னாளில் இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு மைக் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. நாங்களும் 5ஐக் கொடுத்து 120ஐப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர்கள்தானே?

நீங்கள் அந்த 5ஐக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, தம்பி. கண்ணால் காணாத ஒன்றைச் சரிபார்த்ததாகப் பயிற்சிக்குப் பயிற்சி உங்கள் கையால் எழுதித் தருகிறீர்கள். பாதிக் கணிப்பொறிகள் ஓடவில்லை என்று கல்லூரியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஓடுகிற மீதிப் பாதியின் முன்னால் உட்கார்ந்து சீனியரின் விடையைப் பார்த்து எழுதியதற்கு யாரைத் திட்டுவீர்கள்? நகரத்துக்குப் போனாலும் இதே கையோடுதானே போவீர்கள்? வீட்டில் வழி சொல்ல யாரும் இல்லாமல் முதல் ஆளாக வந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கோபப்படும் உரிமையை அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பைத்தானா, ஜாவாவா? எதுவானாலும் சரி. ஆங்கிலம், திரையில் வரும் பிழைச் செய்திகளைத் தினமும் அகராதியோடு படித்தால் பழகிவிடும். ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கைப்பேசியிலேயே இன்று சி நிரலை இயக்கலாம். ஃபேக்டோரியலை நீங்களே எழுதுங்கள். விடையை முழு எண்ணுக்கான சாதாரண இன்ட் மாறியிலேயே வையுங்கள். 12 கொடுத்தால் 479001600 என்று சரியாக வரும். 13 கொடுத்தால் 1932053504 என்று வரும். இந்த முறை மைனஸ்கூட இருக்காது, சரியான விடை போலவே தெரியும். அதே 13ஐப் பைத்தானில் கொடுங்கள், 6227020800 வரும். நடுவில் என்ன நடந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.