யாருமே தொடவில்லையா?

கேள்வி: 1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரி எடுத்தார் (ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 406 தடவை ‘ஹிட்’, அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்வது, என்ற விகிதம்). அதன்பிறகு யாருமே .400-ஐத் தொடவில்லை. பேஸ்பாலின் மிகப் பெரிய பேட்டர் அவர்தானே?

பதில்: ‘யாருமே’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஜோஷ் கிப்சனை எங்கே விட்டீர்கள்? வில்லியம்ஸுக்கு இரண்டே வருஷம் கழித்து, 1943-இல், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காக .466 எடுத்தவர் அவர். அவர் ஆடியது நீக்ரோ லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் சேர்த்துக்கொள்ளாத கறுப்பினத்தவரின் லீகில். 2024 மே மாதம் அந்தக் கணக்குகளை மேஜர் லீக் நிர்வாகமே தன் ஏட்டில் ஏற்றிக்கொண்டது. ஒரு சீசனின் மிக உயர்ந்த சராசரி இன்று அந்த .466-தான். வாழ்நாள் சராசரியிலும் மேஜர் லீக் நட்சத்திரம் டை காபின் .367-ஐ கிப்சனின் .372 பின்னுக்குத் தள்ளிவிட்டது.

வில்லியம்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1941 சீசனின் கடைசி நாள் காலையில் அவர் கணக்கு, மட்டை பிடித்த 448 தடவைக்கு 179 ஹிட், அதாவது .39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் .400 என்றே எழுதியிருப்பார்கள். மேனேஜர் ஜோ குரோனினும் அதற்குச் சம்மதம்தான். வில்லியம்ஸ் கேட்கவில்லை. பிலடெல்ஃபியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கினார். முதலாவதில் 5-க்கு 4, அடுத்ததில் 3-க்கு 2. அப்படி வந்ததுதான் .406.

‘கிப்சன் ஆடியது கொஞ்சம் ஆட்டம்தானே’ என்பீர்கள். மேஜர் லீகில் அன்று சீசனுக்கு 154 ஆட்டம். நீக்ரோ லீகில் அதில் பாதிதான் தேறும். அது அவர் குற்றமா? நிறத்தைக் காட்டிக் கதவைச் சாத்தியவர்கள் யார்? லீக் ஆட்டத்தை மட்டும் நம்பினால் அணிக்குக் கட்டுப்படியாகாது. பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு ஆடினால்தான் பணம். அந்த ஆட்டங்கள் ஏட்டில் வராது. பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில், கிப்சனின் பலகையில் ‘ஏறத்தாழ 800 ஹோம் ரன்’ (பெரும்பாலும் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) என்று இருக்க, லீக் கணக்கில் 200கூட இல்லாததற்குக் காரணம் இதுதான். லீக் ஆட்டத்துக்கும் ஆதாரம் பழைய பத்திரிகைகளில் வந்த பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஆட்டக் கணக்குப் பட்டியல். சிலவற்றில் ரன் இருக்கும், ஹிட் இருக்கும். அட்-பேட் (மட்டை பிடித்த தடவை) பத்தி மட்டும் இருக்காது. அட்-பேட் தெரியாமல் சராசரியை எதால் வகுப்பது?

இன்னொன்று. கிப்சன் கேட்சர், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆட்டம் முழுக்கக் குந்தி எழுந்து முழங்கால் தேய்கிற வேலை. அதிலும் 1943 பிறந்தபோது நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். .466 எடுத்தது அந்த வருஷம்தான்!

1947-இல், பத்திரிகைக்காரர்கள் வாக்களித்துத் தரும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோவிடம் 202-க்கு 201 என்று ஒரே புள்ளியில் வில்லியம்ஸ் இழந்தார். .343 சராசரி, 32 ஹோம் ரன், தன் அடியால் அணிக்கு வந்த 114 ரன் (ஆர்.பி.ஐ.) என மூன்றிலும் முதலிடம் பிடித்தவருக்கு அது அநியாயம்தான். பத்திரிகைக்காரர்களின் வஞ்சம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு புள்ளிக்காக இன்னும் மாய்ந்துபோகிறவர்கள், வாக்குச்சீட்டில் பெயர் வரவே வழியில்லாதவனை நினைப்பதில்லை. கிப்சன் அதே 1947 ஜனவரி 20-இல் இறந்தார், 35 வயதில். நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் இறங்கியது அதே வருஷம் ஏப்ரல் 15.

என் ஓட்டு கிப்சனுக்கு. 1966-இல், ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் தனக்கு நடந்த பாராட்டு மேடையில் ஏறி, நீக்ரோ லீகில் பந்து எறிந்த சாச்சல் பேஜையும் ஜோஷ் கிப்சனையும் இங்கே சேர்க்க வேண்டும் என்று பேசியவர், நீங்கள் கொண்டாடும் வில்லியம்ஸேதான். பேஜுக்கு 1971-இலும் கிப்சனுக்கு 1972-இலும் இடம் கொடுத்தார்கள்.