பதில்: 21ஆம் நாள் சோதனையில் புரொஜெஸ்டரோன் குறைவு, அடுத்து என்ன?

தங்கச்சி, 33 வயது, குழந்தைக்காக இரண்டு வருட முயற்சி, 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய், 21ஆம் நாள் இரத்தத்தில் புரொஜெஸ்டரோன் (முட்டை வெளியான பிறகு கூடும் ஹோர்மோன்) குறைவு, வீட்டில் எல்லோரும் உங்களையே குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்துப்போனது.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். 21ஆம் நாள் என்பது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன்பு எடுக்கும் சோதனை அது. உங்களுக்கு 28ஆம் நாளளவில்தான் எடுக்க வேண்டும். டொக்டரிடம் சொல்லித் திரும்ப எடுங்கள்.

கணவருக்கு இன்னும் விந்துப் பரிசோதனையே செய்யவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். என் கணவர் போத்தலைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்தபடிதான் திருகோணமலை ரவுனுக்குக் கொண்டுபோனார். சூடு குறையக்கூடாது, ஐஸ் வைக்கவே கூடாது. முடிவு சரியில்லை என்றாலும் பயப்படாமல், சில கிழமை விட்டு இன்னொரு முறை செய்து பாருங்கள்.

அப்புறம் உங்களுக்குச் செய்ய வேண்டியவை: தைராய்டு சோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே. முட்டை வராவிட்டால் பெரும்பாலும் முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையில்தான் தொடங்குவார்கள். ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் சிகிச்சை) பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். ஃபோலிக் அமிலம் மட்டும் இன்றே தொடங்குங்கள், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டாலே போதும்.

அடுத்த தடவை கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.