மூவர் பொறித்த காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாட்டியின் பெட்டியில் ராமர், சீதை, லட்சுமணர் உருவங்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செம்புக் காசு இருந்தது. என்ன விலை போகும்?

பதில்: அது காசே அன்று, பிற்காலத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு அடித்து விற்ற வெறும் உலோக வில்லை. பூசையறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூவர் காசுகளைச் சேர்க்க விரும்புகிறேன். எதைப் பார்த்துப் பழகலாம்?

பதில்: பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் தம் இறுதி ஆண்டுகளில் வெளியிட்ட சாலிடஸ் பொற்காசிலிருந்து தொடங்குங்கள். நடுவில் நீண்ட தாடியுடன் அவரும் இருபுறமும் அவருடைய மகன்கள் இருவரும் நிற்பார்கள். இளையவரான ஹெராக்ளோனஸ் 638-இல்தான் முடிசூடினார் என்பதால், அவர் வெறுந்தலையுடன் சிறுவனாக நிற்கும் காசு அதற்கு முந்தியது என்று ஆவணம் எதுவும் இல்லாமலே சொல்லிவிடலாம். ரோமானியப் பேரரசர் கலிகுலா தம் சகோதரிகள் மூவரையும் பொறித்த பித்தளைக் காசு இதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் போலிகள் மலிந்தது என்பதால் புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: முருகன் மூவருள் ஒருவராக வரும் காசு உண்டா?

பதில்: உண்டு. குசான மன்னர் ஹுவிஷ்கரின் பொற்காசு ஒன்றில் ஸ்கந்தகுமாரன், விசாகன், மகாசேனன் ஆகியோர் தனித்தனி உருவங்களாக, கிரேக்க எழுத்தில் பெயர்களுடன் நிற்கிறார்கள். நாம் ஒரே கடவுளுக்குச் சூட்டும் பெயர்கள் அங்கே மூன்று ஆட்களாகப் பிரிந்திருப்பதுதான் வியப்பு.

கேள்வி: கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் கூடாது.

கேள்வி: என்னிடமும் 1818 ராமர் காசு இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. அசல்தானே?

பதில்: செம்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கம்பெனி இந்துத் தெய்வங்களைப் பொறித்ததே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் சென்னையில் அடித்த மூன்று சாமி வராகன் என்ற பொற்காசு என்ன?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை, எனினும் நல்ல கேள்வி. 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் அளித்த நாயக்கர், காசு அடிக்கும் உரிமையையும் கம்பெனிக்குச் சேர்த்தே கொடுத்தார். உள்ளூர் வணிகர்கள் பழகிய காசையே கைநீட்டி வாங்குவார்கள் என்பதால், கம்பெனி விஜயநகர மரபைப் பின்பற்றி, நடுவில் பெருமாளும் இருபுறமும் தேவியரும் நிற்கும் பொன் வராகனை அடித்தது. ஏறத்தாழ 3.4 கிராம் எடையும் சுண்டுவிரல் நகத்தின் அளவும் உள்ள அந்தக் காசை உருப்பெருக்கியில் பார்த்தால், தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்குச் சில கோடுகள், அவ்வளவுதான். பின்புறத்தில் மணிமணியாகப் புள்ளிகள் மட்டுமே இருக்கும், ஆண்டோ ஆங்கில எழுத்தோ இராது. ராமர், சீதை, லட்சுமணரைக் காட்டும் அசல் காசு வேண்டுமென்றால், தலைக்கோட்டைப் போருக்குப் பின் ஆண்ட விஜயநகர மன்னர் திருமலைராயரின் வராகனைத் தேடுங்கள்.

கேள்வி: அப்படியானால் என் 1818 காசும் அசலாக இருக்கலாம் அல்லவா?

பதில்: இருக்க முடியாது. தங்கமும் இல்லை, புள்ளிப் பின்புறமும் இல்லை; சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியதே 1818-இல்தான்.

கேள்வி: 1717 என்று போட்டிருந்தால்?

பதில்: அதுவும் வில்லைதான். புளி போட்டுத் தேய்ப்பதென்றால் அதைத் தாராளமாகத் தேயுங்கள்.