ட்ரூமன் மேசைப் பலகையில் இருந்த ‘பக்’ டாலர் அல்ல

அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமனின் மேசைப் பலகையில் இருந்த ‘த பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்ற வாசகத்தை ‘பணம் இங்கேயே தங்கிவிடும்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அதற்கு அந்தப் பொருள் இல்லை. ‘பொறுப்பை இதற்கு மேல் யார் தலையிலும் கட்ட முடியாது, முடிவு என்னுடையது’ என்பதே பொருள். உங்கள் மொழிபெயர்ப்பில் ட்ரூமன் லஞ்சம் வாங்குகிறவர் போலத் தெரிகிறார், பாவம்!

பேச்சுவழக்கில் டாலரையும் ‘பக்’ என்பார்கள்; அது நினைவுக்கு வந்ததுதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். ஆனால் இது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போக்கர் சீட்டாட்டத்துச் சொல். சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட அவர் முன் ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள், அதுதான் பக். வேண்டாதவர் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். பொறுப்பை அடுத்தவர் மேல் தள்ளுவதைக் குறிக்கும் ‘பாஸ் த பக்’ அதிலிருந்து வந்தது. நம் ‘தட்டிக்கழிப்பது’ போல அதிலும் குற்றச்சாட்டின் தொனி உண்டு. முறையாக வேலையைப் பகிர்ந்து கொடுப்பதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்த முறை இப்படிச் சோதியுங்கள்: முன்னால் எண் வந்தால் டாலர். ‘பாஸ்’, ‘ஸ்டாப்’ போன்ற வினையோடு ‘த பக்’ என்று வந்தால் பொறுப்பு.

போக்கரில் வைத்த அந்த அடையாளப் பொருள் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி என்று பரவலாகச் சொல்வார்கள் (ஆண்மானுக்கும் ஆங்கிலத்தில் ‘பக்’ என்றே பெயர்). அது உறுதிப்படாத விளக்கம்; அடிக்குறிப்பில் உண்மையாக எழுதிவிட வேண்டாம். பலகை ஓக்லஹோமாவின் எல் ரீனோ சீர்திருத்தச் சிறையில் செய்யப்பட்டு 1945 அக்டோபரில் ட்ரூமனுக்கு வந்தது என்பதைத் தாராளமாக எழுதலாம். அதன் பின்பக்கத்தில் ‘நான் மிசூரிக்காரன்’ என்று இருக்கும்.