ஆர் உடைச்சது?

வணக்கம் அண்ணா,

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். நல்லூர்த் தேருக்குக் குடும்பமாக வந்தபோது பிள்ளைகளை ஒருநாள் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். இங்கே டோர்செற்றில் கோர்ஃப் என்ற பழைய இடிந்த கோட்டையில் பொழுது போனது தெரியாமல் விளையாடியவர்கள், யாழ்ப்பாணத்தில் கொஞ்ச நேரத்திலேயே சலித்துப்போனார்கள். சின்னவள் "கோபுரமே இல்லை" என்று சிணுங்கினாள். நிழல் இல்லை, விளக்கப் பலகை போதாது, மதில் மறைவெல்லாம் சோடிகள். பெரியவன் "இதை ஆர் உடைச்சது?" என்று கேட்டான். பழசு, காலப்போக்கில் விழுந்துவிட்டது என்று சொல்லி ஐஸ்கிறீம் குடிக்கக் கூட்டிப்போய்விட்டோம். எங்கள் சரித்திரத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வம் வர, அடுத்த முறை எங்கே கூட்டிப்போகலாம்?

*

அன்புள்ள தங்கச்சி,

சோடிகளை விடுங்கள். இந்த ஊரில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கதைக்க வேறு எங்கே இடம் இருக்கிறது? நிழலும் பலகையும் தொல்லியல் திணைக்களத்தின் பாடு. கோபுரம் இல்லாததற்குக் காரணம் பீரங்கி. கோர்ஃப் அம்புக்கும் ஏணிக்கும் பயந்த காலத்துக் கோட்டை, அதனால் குன்றின்மேல் ஏறி நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பயந்தது பீரங்கிக் குண்டுக்கு. உயரக் கட்டினால் குண்டுக்கு நல்ல குறி. அதனால்தான் மதில் தாழ்வு, தடிப்பு, ஐந்து முனையிலும் கொத்தளம், வெளியே அகழி. சின்னவளுக்கு இவ்வளவும் விளங்கும், சொல்லிப் பாருங்கள்.

பெரியவனின் கேள்விதான் என்னை விடவில்லை. அதற்கு நீங்கள் சொன்ன பதில் பொய். கோபிக்காதீர்கள், கொஞ்ச நாளாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் அந்த வாசலில் நின்று இதே பொய்யைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். காலமாம்! காலம் என்ன கடப்பாரையோடா வந்தது?

கணக்கைப் பாருங்கள். 1619இல் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனைப் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், இங்கே ஒரு சதுரக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டுப் பிடித்து, பிறகு இடித்து, ஐங்கோணமாகக் கட்டி 1680இல் முடித்தார்கள். வெளிச்சுற்று முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், ஒரு சண்டையும் பிடிக்காமல் ஆங்கிலேயனிடம் சாவியைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரு நூற்றாண்டு வெயிலும் மழையும் பண்ணைக் கடலின் உப்புக்காற்றும் அதன்மேல் பட்டன. மதில் நின்றது. 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் நின்றது. ஆசியாவில் கெடாமல் மிஞ்சிய ஒல்லாந்தக் கோட்டைகளில் இதுவும் ஒன்று என்று எழுதினார்கள். காலத்தால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு 1990. உள்ளே இலங்கை ஆமி, வெளியே புலிகள் இயக்கம், மாதக்கணக்கில் முற்றுகை, மேலே விமானம். செப்டெம்பரில் ஆமி வெளியேறியது. திரும்பி வந்தால் இருக்க இடம் இருக்கக்கூடாது என்று இயக்கம் கோட்டையை உடைக்கத் தொடங்கியது. தேவாலயம் கற்குவியலானது. மிச்சத்தைத்தான் போர் முடிந்த பிறகு நெதர்லாந்துக் காசில் திருத்தினார்கள்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. சீமெந்துக்குத் தடை இருந்த காலம். பெரியப்பா சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றி ஒரு முருகைக்கல் கொண்டுவந்தார், கிணற்றடியில் துவைகல்லாகப் போட. இடியப்பம் பிழிந்து வைத்ததுபோல் ஒரு பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக வரி. மறுபக்கத்தில் மட்டும் உளி வேலை, மூலைக்கு மூலை நேராக. ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பை நான் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன், வரவில்லை. பெரியம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஒல்லாந்தன்ர கல்லு சட்டைப் பொத்தானெல்லாத்தையும் திண்டுபோட்டுது" என்று பேசிப் பேசி, கடைசியில் செவ்வரத்தையடிக்குத் தள்ளிவிட்டார். பெரியப்பா கோபத்தோடு சொன்ன மறுமொழி: "அது ஒல்லாந்தன்ர இல்லையப்பா, எங்கட நல்லூர்க் கோயில் கல்லு." அந்தக் கல் கோயில் கல்தானா என்பதை விடுங்கள். 1621இல் பறங்கியர் நல்லூர்க் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்ற கதை ஊரில் எல்லார் வாயிலும் உண்டு. அவன் எடுத்ததை நான் திருப்பி எடுத்தேன் என்பது பெரியப்பாவின் நியாயம்.

இப்போது உங்கள் கோர்ஃபுக்கு வாருங்கள். அதையும் காலம் இடிக்கவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று மேரி பாங்க்ஸ் என்ற சீமாட்டி காத்த கோட்டை அது. 1646இல் உள்ளிருந்தவர் ஒருவர் காட்டிக்கொடுத்து விழுந்தது. இனி எவரும் அதற்குள்ளிருந்து சண்டை பிடிக்கக்கூடாது என்று பாராளுமன்றம் உத்தரவிட, அடியில் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். உள்வாசல் கோபுரத்தின் ஒரு பாதி, முழுசாகவே கீழே சறுக்கி நிற்கிறதல்லவா? உங்கள் பிள்ளைகள் அதனடியில்தான் ஓடிப்பிடித்து விளையாடியிருப்பார்கள். சிதறிய கல்லை ஊர்ச்சனம் கொண்டுபோய் வீடு கட்டியது. அந்தக் கிராமத்தில் நீங்கள் தேநீர் குடித்த கடைச் சுவரில்கூட அந்தக் கல் இருக்கக்கூடும். அங்கே போகிற பிள்ளைக்கு இதை எவரும் ஒளிப்பதில்லை. ஆர் வெடி வைத்தான், எந்த வருடம், ஏன் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் புல்லில் உருள விடுகிறார்கள்.

இங்கே மட்டும் ஏன் காலத்தின் தலையில் போடுகிறீர்கள்? எனக்குத் தெரியும். "ஆமி" என்றால் "ஏன் அம்மா?" என்பான். "இயக்கம்" என்றால் "அவை எங்கட ஆக்கள் எண்டு சொன்னியளே" என்பான். அங்கே உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டட்டும். பிள்ளை கேட்டது மூன்றே சொல், அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க மறுமொழி இருக்கிறது. ஐஸ்கிறீம் எங்கே ஓடிப்போகிறது? சரித்திரத்தில் ஆர்வம் வரவேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், ஆர்வம் வந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தபோது வாயை மூடிவிட்டீர்கள்.

எழுதும்போது குரல் உயர்ந்துவிட்டது. பயணக் களைப்பு, வெயில், இரண்டு பிள்ளைகள், எல்லாம் எனக்கு விளங்குகிறது.

எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதே கோட்டைக்குத்தான். நாலரை மணிக்குப் பிறகு போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். முதலில் தேவாலயம் நின்ற இடம். பிறகு கொத்தளத்தில் ஏறிக் கடலைப் பாருங்கள். புதிதாகத் திருத்திய மதில் எது, பழசு எது என்று பெரியவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் ஊரில் இருந்தால் நானும் வருவேன், முன்கூட்டியே எழுதுங்கள். திரும்பும்போது முனியப்பர் கோயிலடியில் சின்னவளுக்குக் கச்சான் வாங்கலாம்.

அன்புடன்,
அண்ணா