பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? ஸ்காட்லாந்து பாரிஷ் பதிவேட்டுல முன்னோரைத் தேடறவங்களுக்கு

கேள்வி: எங்க பாட்டியோட தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். ஹட்டன் பக்கம் காபித் தோட்டத்துல துரையா இருந்து 1879-ல அங்கயே இறந்துட்டார். கல்லறைக் கல்லுல அலெக்சாண்டர்ங்கற பேர், குடும்பப் பேர், வயசு 41, கின்கார்டின்ஷயர்ங்கற ஸ்காட்லாந்து மாவட்டப் பேர் மட்டும்தான் இருக்கு. அவரோட வாழ்ந்தவங்க தோட்டத்துல வேலை செஞ்ச தமிழ்ப் பெண். வில்லியம், எல்ஸ்பெத்னு ரெண்டு பிள்ளைங்க. இப்போ அதே மாவட்டத்துல ஃபோர்டூன் பாரிஷ்ல (பாரிஷ்னா ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) 1838-ல அதே பேருக்கு ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைச்சிருக்கு. இவர்தான் அவர்னு எடுத்துக்கலாமா?

பதில்: இப்போதைக்கு எடுத்துக்காதீங்க, ஆனா நீங்க நிக்கறது நல்ல இடம். அந்த வட்டாரத்துல இருந்து இலங்கைக்குப் போனவங்க நிறைய. 1867-ல இலங்கையில லூல்கந்துரா தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த கின்கார்டின்ஷயர்ல ஆக்கன்பிளே பக்கத்துக்காரர்தான். அதனால ஊர் பொருந்துது, பேர் பொருந்துது, வயசும் பொருந்துது. இந்த மூணும் பொருந்தற இன்னொரு ஆள் அதே பாரிஷ்லயோ பக்கத்து லாரன்ஸ்கர்க்லயோ இருந்திருக்க ரொம்பவே வாய்ப்பிருக்கு, அதான் சிக்கல்.

ஏன்னா அவங்க பேர் வைக்கற முறை நம்ம முறை மாதிரியேதான். பேரன்ங்கற சொல்லே தாத்தா பேரைச் சுமக்கறவன்ங்கறதுல வந்ததுன்னு சொல்லுவாங்கல்ல, அங்கயும் மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. இப்போ அலெக்சாண்டர்னு ஒரு கிழவருக்கு மூணு பையன்கள்னு வைங்க, மூணு பேரும் தங்களோட மூத்த பையனுக்கு அப்பா பேரையே வைப்பாங்க, அப்போ ஒரே ஊர்ல ஒரே பேர் ஒரே குடும்பப் பேரோட மூணு சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க, வயசு வித்தியாசம் ரெண்டோ மூணோதான். போதாததுக்கு, குழந்தை இறந்துட்டா அடுத்துப் பிறக்கற குழந்தைக்கு அதே பேரை மறுபடி வைக்கற வழக்கமும் இருந்துது. நீங்க பார்த்த 1838 குழந்தை ரெண்டு வயசுலயே போயிருக்கலாம், தோட்டத்துக்கு வந்தவர் 1840-ல பிறந்த தம்பியா இருக்கலாம். கல்லறைக் கல்லுல போட்ட வயசு ஒண்ணு ரெண்டு தப்பறது சாதாரணம்.

முதல் வேலை, இன்டெக்ஸ்ல பார்த்ததோட நிக்காம மூலப் பக்கத்தோட படத்தைப் பாருங்க. ஃபேமிலிசர்ச்ங்கற தளத்துல இலவசமா வர்றது பேரும் தேதியும் பெத்தவங்க பேரும்தான். ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் தளத்துல கட்டணம் கட்டினா அசல் பக்கமே திறக்கும். 1855-க்கு முன்னாடி இந்தப் பதிவை எழுதினது சர்ச் கிளார்க், பல ஊர்ல பள்ளிக்கூட வாத்தியாரே அந்த வேலையைப் பார்த்தார். அச்சடிச்ச ஃபாரம் கிடையாது, அவர் மனசுக்கு வந்தபடி எழுதுவார். நல்லா எழுதற ஆளா இருந்தா "இன்ன பண்ணையில் குத்தகைக்காரர் வில்லியம், அவர் மனைவி இன்னார், இவர்களின் சட்டபூர்வ மகன், 3-ம் தேதி பிறந்து 11-ம் தேதி ஞானஸ்நானம், சாட்சிகள் இன்னார் இன்னார்"ங்கற மாதிரி நாலு வரி இருக்கும். சோம்பேறி கிளார்க்கா இருந்தா அப்பா பேர் மட்டும்தான்.

அந்த நாலு வரியில எனக்கு ரொம்பப் பிடிச்சது பண்ணைப் பேரும் சாட்சிகளும்தான். ஒரே பேர்ல ஊர்ல மூணு பேர் இருந்தா ஊர்க்காரங்களே பண்ணைப் பேரை வச்சுத்தான் ஆளைப் பிரிச்சுச் சொல்லுவாங்க. சாட்சிக்கு நிக்கறது பெரும்பாலும் பெரியப்பா, மாமா, தாத்தா இப்படி நெருங்கின சொந்தம், அதனால சாட்சியோட குடும்பப் பேர் அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஸ்காட்லாந்துப் பதிவுகள்ல ஒரு பெரிய வசதி, கல்யாணமான பொண்ணுங்களுக்கும் பிறந்த வீட்டுப் பேரையே எழுதுவாங்க. தேடும்போது எழுத்தை மட்டும் நம்பாதீங்க: எல்ஸ்பெத்தே எலிசபெத்னு வரும், ஜீன் ஜேன்னு வரும், பேட்ரிக்கும் பீட்டரும் ஒரே ஆளா இருப்பார்.

உங்க கையில இருக்கற நல்ல துப்பு அந்த எல்ஸ்பெத்ங்கற பேருதான். தோட்டத்துல பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பேரை அம்மா வீட்டுப் பக்கத்துல யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க, அது அவர் தன் அம்மா பேரை வச்சதாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது. ஃபோர்டூன் பதிவுல அப்பா வில்லியம், அம்மா எல்ஸ்பெத்னு இருந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்தான், ஆனா அதுவும் துப்புதான், முடிவில்ல. மார்கரெட், ஜேம்ஸ்னு இருந்தாலும் உடனே கைவிட்டுராதீங்க.

அடுத்தது முக்கியமானது. உங்க ஆள் இலங்கையில இறந்ததால அவருக்கு ஸ்காட்லாந்து இறப்புச் சான்று இருக்க வாய்ப்பில்ல, அதனால அவரை விட்டுட்டு ஊர்லயே இருந்த அண்ணன் தம்பி அக்கா தங்கச்சியைப் பிடிங்க. 1855 ஜனவரி 1-ல அரசாங்கப் பதிவு ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் அங்க யார் இறந்தாலும் அப்பா பேர், அம்மா பேர், அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் மூணையும் கேட்டு எழுதினாங்க. அதுலயும் 1855 ஒரு வருஷம் மட்டும் தங்கம். அந்த வருஷ இறப்புப் பதிவுல இறந்தவரோட பிள்ளைங்க எல்லார் பேரும் வயசோட இருக்கும், பிறப்புப் பதிவுல பெத்தவங்களோட வயசு, பிறந்த ஊர், கல்யாணமான இடமும் தேதியும், முன்னாடி பிறந்த குழந்தைங்க எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு எல்லாம் வரும். எழுதறவங்களுக்கு வேலை தாங்காம 1856-லயே இதுல பாதியை எடுத்துட்டாங்க. அந்தக் குடும்பத்துல 1855-ல ஒரு பிறப்போ சாவோ இருந்துதான்னு கண்டிப்பா தேடுங்க.

அப்புறம் மத்த அலெக்சாண்டர்களை ஒவ்வொருத்தரா கழிக்கணும். இதை யாரும் செய்யறதில்ல, நானும் ஆரம்பத்துல செய்யாம ஒரு குடும்பத்தோட நாலு தலைமுறையை வேற பண்ணைக்காரங்களோட ஒட்டி வச்சுட்டேன், அதைப் பிரிச்சு எடுக்க ஒரு வருஷம் ஆச்சு. 1841, 1851, 1861 சென்சஸ்ல ஒவ்வொருத்தரையும் பின்தொடருங்க. 1841-ல 15 வயசுக்கு மேல இருந்தவங்க வயசை அஞ்சோட மடங்குக்கு இறக்கி எழுதியிருப்பாங்க (38-ன்னா 35), பிறந்த பாரிஷ் பேரும் இருக்காது. 1851-ல வயசும் பாரிஷும் உறவும் தெளிவா வரும். 1881-லயும் ஒருத்தர் லாரன்ஸ்கர்க்ல உழுதுக்கிட்டு இருந்தார்னா அவர் உங்க ஆள் இல்ல. ஒருத்தர் இளவயசுலயே சென்சஸ்ல காணாமப் போறார்னா அவரைக் குறிச்சு வைங்க.

ஒரு அலெக்சாண்டரையோ அவர் கூடப்பிறந்தவங்களையோ பதிவேட்டுல காணோம்னா பிறக்கவே இல்லன்னு அர்த்தமில்ல. 1843-ல ஸ்காட்லாந்து சர்ச் உடைஞ்சு பாதிரிமார்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஃப்ரீ சர்ச்னு பிரிஞ்சு போனாங்க, அவங்க பின்னாடி போன குடும்பங்களோட குழந்தைங்க பல நேரம் பழைய பாரிஷ் புத்தகத்துல இருக்க மாட்டாங்க. கல்யாணமாகாம பிறந்த குழந்தைன்னா கிர்க் செஷன்ங்கற சர்ச் பஞ்சாயத்து மினிட்ஸைப் பாருங்க, அம்மாவைக் கூப்பிட்டு அப்பா யாருன்னு விசாரிச்சது அதுல இருக்கும். படிக்க மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பதிவேடு மறைச்ச பேர் அங்க கிடைக்கும்.

இலங்கைப் பக்கத்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே தாள்ல கட்டற ஆதாரம் ஒண்ணு வேணும். அவருக்கு ஊர்ல சொத்தோ சேமிப்போ இருந்திருந்தா எடின்பர்க் கோர்ட்ல உயில் சம்பந்தமான பதிவு இருக்கலாம், அதுவும் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள்ல தேடலாம். அபர்டீன் பத்திரிகைகள்ல மரண அறிவிப்பு வந்திருந்தா "இலங்கையில் இறந்தார், இன்ன பண்ணை இன்னாரின் மகன்"னு ஒரே வரியில முடிஞ்சுரும். உங்க வீட்டுப் பெரியவங்க சம்மதிச்சா டிஎன்ஏ டெஸ்ட் எடுங்க, அந்தப் பண்ணைக் குடும்பத்துல இன்னைக்கு இருக்கறவங்களோட பொருந்தினா பெரிய பலம், ஆனா பெரியப்பா வழிப் பேரனா இருந்தாலும் ஓரளவு பொருந்தும்ங்கறதால பதிவுகளையும் விட்டுராதீங்க.

முதல்ல ஃபோர்டூன் பதிவோட அசல் படத்தை எடுங்க. கையெழுத்து புரியலன்னா பண்ணைப் பேர் இருக்கற வரியையும் சாட்சிகள் வரியையும் பெருசாக்கி அனுப்புங்க, சேர்ந்து படிச்சுரலாம்.