ஸ்னோடிராப் என்று வாங்கிய கிழங்கில் இளஞ்சிவப்புப் பூ

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ‘ஸ்னோடிராப், ஐந்து வண்ணங்கள், 25 கிழங்குகள்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து 899 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் நீலம், சிவப்பு, ஊதா என மணிபோலத் தொங்கும் பூக்கள் இருந்தன. ஆகஸ்டில் நட்டேன். புல்லைப் போன்ற இலைகள் வந்தன. அக்டோபர் மழைக்குப் பிறகு, வானத்தைப் பார்த்தபடி இளஞ்சிவப்புப் பூக்கள் மலர்ந்தன. விற்பனையாளரிடம் கேட்டால், ஏழு நாள்களுக்குள் திருப்பியிருக்க வேண்டும் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, திருநகர்

பதில்: ஸ்னோடிராப் என்பது ஐரோப்பியக் குளிர்நாடுகளின் சிறு வெள்ளைப் பூ; உங்களிடம் மலர்ந்திருப்பது மழை லில்லி. ‘ரெயின் லில்லி’ என்று நாற்றுப் பண்ணைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்; சாதாரண வகையாக இருந்தால், அண்டை வீட்டில் கேட்டாலே ஒரு கைப்பிடிக் கிழங்கு இலவசமாகக் கிடைக்கும். ஸ்னோடிராப்பும் மழை லில்லியும் ஒரே அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், நட்டு வளர்க்காதவர் கண்ணுக்குக் கிழங்குகளில் பெரிய வேறுபாடு தெரியாது. பூவில் அந்தக் குழப்பம் இல்லை. ஸ்னோடிராப் தலைகுனிந்து தொங்கும். வெளியே நீளமான மூன்று வெள்ளை இதழ்கள், உள்ளே அவற்றில் பாதியளவே உள்ள மூன்று சிற்றிதழ்கள், அந்தச் சிற்றிதழின் நுனியில் தலைகீழான ‘வி’ போலப் பச்சை அடையாளம். ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் இரண்டே இலைகள்தான். மழை லில்லியில் ஏறத்தாழ ஒரே அளவான ஆறு இதழ்கள் மேல்நோக்கி விரியும்.

விளம்பரப் படமே பொய் என்பதற்கு அதிலிருந்த நிறங்கள் போதும். ஸ்னோடிராப்பில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. வெள்ளையும் பச்சையும், சில வகைகளில் பச்சைக்குப் பதிலாக மஞ்சளும், மிக அரிதாக இதழில் லேசான ஆரஞ்சுச் சாயலும் உண்டு; அவ்வளவுதான். இங்கிலாந்தில் இந்தப் பூவைச் சேகரிப்பவர்கள் பச்சைக் குறியின் வடிவத்தில் உள்ள சின்ன மாற்றத்துக்காகப் பெரும்பணம் கொடுக்கிறார்கள். 2015இல் ‘கோல்டன் ஃபிளீஸ்’ என்ற மஞ்சள் வகையின் ஒற்றைக் கிழங்கு 1,390 பவுண்டுக்கு விற்றது. 2022இல் ‘கோல்டன் டியர்ஸ்’ கிழங்கு 1,850 பவுண்டுக்குப் போனது. சிவப்பு ஸ்னோடிராப் ஒன்று உலகில் இருந்திருந்தால் அது 899 ரூபாய்க்கு 25 என்ற கணக்கில் திருநகருக்கு வந்திருக்காது.

இனி பணம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, பொருள் விளம்பரத்தில் சொன்ன தன்மையுடன் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பூத்தால் மட்டுமே உண்மை தெரியக்கூடிய ஒரு பொருளுக்கு ஏழு நாள் கெடு விதித்துவிட்டு, அதையே கேடயமாகப் பிடிப்பது நியாயமும் அன்று. உங்கள் புகாரில் இந்த வாதத்தை முதலில் வையுங்கள். விளம்பரப் பக்கத்தின் திரைப்பதிவு, கட்டண ரசீது, பொட்டலத்தின் மேலுறை, பூவின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பூவைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலையும் அன்றைய நாளிதழையும் வைத்து எடுத்தால் பின்னால் எவரும் சந்தேகம் எழுப்ப முடியாது. பக்கத்தை விற்பனையாளர் எந்த நேரத்திலும் நீக்கிவிடக்கூடும் என்பதால் திரைப்பதிவை இன்றே எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். சிறு தொகைகள் பல சமயம் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். கிழங்குகளைக் கோபத்தில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அவைதான் சான்று. வழக்கு முடிந்த பிறகு வளர்க்கவும் உகந்தவை.

கேள்வி: கொடைக்கானல் மலையில் எங்களுக்குச் சிறு நிலம் இருக்கிறது. அங்கே உண்மையான ஸ்னோடிராப் வளருமா? இல்லையென்றால், மதுரை வீட்டிலேயே குளிர்சாதனப் பெட்டியில் கிழங்கை வைத்துப் பூக்கவைக்க முடியுமா? விதையாகவும் விற்கிறார்களே?
– வாசகர், பழங்காநத்தம்

பதில்: மதுரையில் முடியாது. மார்கழி இரவில் நமக்குப் போர்வை தேவைப்படலாம். ஸ்னோடிராப்புக்கு அது கோடைக்காலம். மண்ணே பல வாரங்கள் சில்லிட்டுக் கிடந்தால்தான் அந்தக் கிழங்கு பூக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு முறை பூக்க வைத்துவிட்டாலும், பூத்த பிறகு இலைகள் சில வாரங்கள் குளிர்ந்த வெளிச்சத்தில் நின்று உணவு சேர்த்தால்தான் அடுத்த ஆண்டுக்குக் கிழங்கு மிஞ்சும். நம் பிப்ரவரி, மார்ச் வெயிலில் அது நடக்காது. மேலும் இந்தக் கிழங்கு வெங்காயத்தைப் போலத் தடித்த தோல் கொண்டதன்று, உலரவிட்டால் எளிதில் சுருங்கிச் செத்துவிடும். அதனால்தான் இங்கிலாந்தில் அனுபவமுள்ளவர்கள், பூத்து முடிந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டி, ஈரத்தாளில் சுற்றி அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்க விரும்புகிறார்கள். பிளாஸ்டிக் பையில் மாதக்கணக்கில் தொங்கிய கிழங்கை அங்கேயே தயங்கித்தான் வாங்குவார்கள்.

கொடைக்கானலில் இரவுக் குளிர் உண்டு, ஆனால் பகலில் வெயில் ஏறிவிடும். அந்த நிலத்துக்காக நானாக இருந்தால் பணம் செலவழிக்க மாட்டேன். விதைக்கோ ஒரு ரூபாயும் வேண்டாம். விதையிலிருந்து ஸ்னோடிராப் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். உலர்ந்த விதை முளைக்கும் திறனையும் விரைவில் இழந்துவிடும். ‘முப்பது நாளில் பூக்கும்’ என்ற வரியைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுங்கள். நானே ஒரு முறை ‘நீல மழை லில்லி விதை’ என்ற பெயரில் ஒரு பொட்டலம் வாங்கி, இரண்டு மாதம் பக்குவமாகத் தண்ணீர் ஊற்றிக் கோரைப்புல் வளர்த்தவன்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வரும்போது பத்துக் கிழங்குகள் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். தடை ஏதும் உண்டா?
– வாசகர், அண்ணாநகர்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்னோடிராப்பின் அனைத்து இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. துருக்கி மலைச்சரிவுகளில் காட்டுக் கிழங்குகளை மூட்டை மூட்டையாகத் தோண்டி ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. அதனால் வந்த கட்டுப்பாடு இது. அங்கிருந்து கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கே 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவந்தால், விமான நிலையத்தில் பறிமுதல் ஆகக்கூடும். மகள் பிப்ரவரியில் கிளாஸ்டர்ஷையரில் உள்ள கோல்ஸ்போர்ன் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பட்டும். தாவரவியலாளர் ஹென்றி ஜான் எல்வெஸ் வாழ்ந்த இடம் அது. ‘கலாந்தஸ் எல்வெசியை’ என்ற பெரிய இன ஸ்னோடிராப் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

கேள்வி: மழை லில்லி வகைகளைச் சேகரித்து வருகிறேன், இப்போது 22 தொட்டிகள். ‘அடுக்கு இதழ்’ என்று 450 ரூபாய்க்கு வாங்கிய ஒற்றைக் கிழங்கு முதல் முறை சாதாரண ஆறு இதழில் பூத்திருக்கிறது. ஏமாற்றா?
– வாசகி, மேலூர்

பதில்: இன்னும் இரண்டு மூன்று முறை பூக்கட்டும். இடம் மாறி வந்த கிழங்கின் முதல் பூவில் இதழ்கள் குறைவது உண்டு. அதற்குள் விற்பனையாளருக்கு ஒரு செய்தியை மட்டும் அனுப்பி, உங்கள் ஐயத்தைத் தேதியோடு பதிவு செய்துவிடுங்கள்; நட்போடு கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

இந்த வணிகத்தில் உண்மையான கேள்வி ஒன்றுதான்: கிழங்கு தாய்க்கிழங்கிலிருந்து பிரிந்த பக்கக்கிழங்கா, விதையிலிருந்து வந்ததா? பக்கக்கிழங்கு தாயைப் போலவே பூக்கும். விதைக்கன்று அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆகையால் கிழங்கின் படத்தை மட்டும் பார்த்து விலை பேசாமல், அதன் தாய்ச்செடி பூத்த தொட்டியின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் 22 தொட்டிகளுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. மழை லில்லியின் காய் வெடித்தால், கறுப்பாகத் தட்டையாகக் காகிதத் துணுக்குப் போன்ற விதைகள் பக்கத்துத் தொட்டியில் விழுந்து சில வாரங்களில் முளைத்துவிடும். ‘விலையுயர்ந்த மஞ்சள்’ என்று நீங்கள் கிழங்கு பிரித்துக் கொடுத்தது, வாங்கியவர் வீட்டில் இளஞ்சிவப்பாகப் பூத்தால், அப்போது குற்றம் சாட்டப்படுபவர் நீங்களாக இருப்பீர்கள். பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுங்கள். ஸ்னோடிராப் சேகரிப்பவர்களும் இதே காரணத்துக்காகக் காயை நீக்குகிறார்கள். பெயர்ப்பட்டைக்கு மார்க்கர் மை வேண்டாம், நம் ஊர் வெயிலில் சித்திரைக்குள் வெளுத்துவிடும். குளிர்பான டின்னைக் கத்தரித்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதித் தொட்டியில் செருகுங்கள். எழுத்து பள்ளமாகவே நிற்கும். வாங்கிய தேதியையும் விலையையும் பின்புறம் எழுதிவிடுங்கள்.